நீலக் கல் பச்சையாகிறது, ஏமாந்துவிட்டேனா?

கேள்வி: லடாக்கின் லே நகரக் கடைத்தெருவில் டர்க்காய்ஸ் கல் பதித்த வெள்ளி மோதிரம் வாங்கினேன். இரண்டு வருடத்தில் நீலம் மங்கி, ஓரத்தில் பச்சை படர்கிறது. போலிக் கல்லா? மாமியார் கெட்ட சகுனம் என்கிறார். திருநீறு போட்டுத் தேய்த்தால் பழைய நிறம் வருமா?

பதில்: திருநீற்றை முதலில் தள்ளி வையுங்கள். வெள்ளிக் கொலுசுக்கு அது சரி, இந்தக் கல்லுக்கு ஆகாது. புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம்.

டர்க்காய்ஸ் தாமிரமும் அலுமினியமும் கலந்த பாஸ்பேட் கனிமம். தாமிரம் நீலம் தருகிறது, இரும்பு சேர்ந்தால் பச்சை தட்டும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் இது 5 முதல் 6 வரைதான். கல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் வேறு. தலைக்கு எண்ணெய் தேய்த்த கை, சோப்பு நுரை, கிரீம், வியர்வை எல்லாவற்றையும் அது உறிஞ்சிக்கொள்ளும். பக்கத்து விரல் உரசுகிற ஓரத்தில்தான் உங்களுக்கும் பச்சை தொடங்கியிருக்கிறது, பாருங்கள்.

அதனால் பச்சையானதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. பிசின் ஏற்றி இறுக்கிய கல் இவ்வளவு எளிதில் மாறாது. பதப்படுத்தாத கல்தான் இப்படி மாறும். ஹவ்லைட் என்ற வெள்ளைக் கல்லுக்குச் சாயமேற்றி விற்பதும் உண்டு. அதில் கீறல்களுக்குள் சாயம் தேங்கி அடர்ந்து தெரியும். சந்தேகம் தீரவில்லை என்றால் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் காட்டுங்கள்.

சகுனப் பயம் உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. அணிந்தவருக்கு ஆபத்து வந்தால் இந்தக் கல் வெளிறும் என்று ஐரோப்பாவிலும் நம்பினார்கள். நிறம் மாறும் இந்தக் குணத்திலிருந்துதான் அந்த நம்பிக்கை பிறந்திருக்கும் என்பது என் எண்ணம். நம் நவரத்தினத்தில் இதற்கு இடமில்லை. ஆனால் ஈரானின் நிஷாப்பூர் சுரங்கக் கல்லுக்குப் பெரும் புகழ். வடக்கே இதை ஃபிரோசா என்பார்கள், வெற்றி என்ற பொருளுள்ள பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. எகிப்தியர் சினாயில் இதைத் தோண்டி எடுத்தார்கள், ஹாத்தோர் தேவியை 'டர்க்காய்ஸின் தலைவி' என்றே வணங்கினார்கள்.

நீங்கள் வாங்கிய லடாக்கிலேயே 'பேராக்' என்று ஒரு தலையணி இருக்கிறது. நெற்றியில் தொடங்கி முதுகுவரை தொங்கும் தோல் பட்டையில் வரிசை வரிசையாக இந்தக் கற்களைத் தைத்திருப்பார்கள். தாயிடமிருந்து மூத்த மகளுக்குப் போகும் சொத்து அது. பழைய பேராக்கை அருகில் பார்த்தால் நீலமும் பச்சையும் பக்கம் பக்கமாக இருக்கும். பச்சை தட்டிய கல்லை யாரும் பிடுங்கி எறிவதில்லை.

போன நீலத்தை வீட்டில் மீட்க முடியாது, இனி மாறாமல் தடுக்கலாம். குளிக்கும்போது, சமைக்கும்போது கழற்றிவிடுங்கள். பவுடர், சென்ட் எல்லாம் போட்டு முடித்த அப்புறம் மோதிரம், வீடு திரும்பியதும் முதலில் கழற்றுவதும் அதுதான். ஈரம் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும். தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். வெள்ளி கறுத்தால் கல்லைத் தொடாமல் உலர்ந்த துணியால் மட்டும் தேயுங்கள். வைரமும் தங்கமும் உரசாதபடி தனிப் பையில், வெயில் படாமல் வையுங்கள். நகைக் கடையில் பாலிஷுக்குக் கொடுத்தால் ஒலி அதிர்வால் அழுக்கெடுக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியிலும் நீராவியிலும் போட வேண்டாம் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.