இரண்டு அட்டையிலும் அம்லோடிபின்: மாத்திரையின் பெயரை எப்படி வாசிப்பது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். 64 வயதான என் தாயாருக்கு ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கி வருகிறோம். பி.பி. கூடுதலாக இருந்ததால் சென்ற மாதம் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டினோம். அவர் வேறு பெயருள்ள ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். பழையதை நிறுத்தும்படி யாரும் சொல்லாததால் இரண்டையும் கொடுத்து வருகிறேன். இப்போது கணுக்கால் வீங்குகிறது. இரண்டும் வேறு வேறு மருந்துகளா? சர்க்கரை மாத்திரையை விழுங்கச் சிரமப்படுவதால் பொடித்துத் தரலாமா? அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: முதலில் உங்கள் தாயாரின் கணுக்காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில், அரசு மருத்துவமனை அட்டையில் 'அம்லோடிபின் மாத்திரைகள் ஐ.பி. 5 மி.கி.' என்று இருக்கிறது. தனியார் மருத்துவர் எழுதிய அட்டையில் வண்ண எழுத்தில் நிறுவனம் சூட்டிய பெயரும், அதன் ஓரத்தில் 'ஏ.எம்.' என்ற இரண்டு எழுத்துகளும், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'டெல்மிசார்டான் 40 மி.கி., அம்லோடிபின் 5 மி.கி.' என்ற வரியும் இருக்கின்றன. ஆக, அம்மா நாளொன்றுக்கு 10 மி.கி. அம்லோடிபின் எடுத்துக்கொண்டிருக்கிறார். பெரியவர்களுக்கு வழக்கமாகத் தரப்படும் உச்ச அளவே அதுதான். அளவு கூடக்கூட கணுக்கால் வீக்கமும் கூடுவது இந்த மருந்தின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. ஆனாலும் வீக்கத்துக்கு இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கவும் கூடும் என்பதால், நீங்களாக எதையும் நிறுத்தாமல், இரண்டு அட்டைகளையும் ஓ.பி. சீட்டையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ மயங்கி விழுந்தாலோ நாளை வரை காத்திருக்கக் கூடாது.

இந்தக் குழப்பத்தில் உங்கள் தவறு எதுவும் இல்லை. ஒரே மருந்துக்குப் பல பெயர்கள் இருப்பதை மருந்து வாங்குகிறவருக்கு யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அந்தக் குறை எங்களைப் போன்ற மருந்தாளுநர்களைத்தான் சேரும்.

ஒரு மருந்துக்கு மூன்று பெயர்கள் உண்டு. அதன் மூலக்கூறு அமைப்பைச் சொல்லும் வேதிப்பெயர் ஆய்வாளர்களுக்கானது. அதை நீங்கள் மறந்துவிடலாம். இரண்டாவது, உலகெங்கும் பொதுவாக வழங்கும் ஜெனரிக் பெயர். உலக சுகாதார நிறுவனம் இத்தகைய பெயர்களின் முதல் பட்டியலை 1953இல் வெளியிட்டது. மூன்றாவது, தயாரிக்கும் நிறுவனம் தன் சரக்குக்குச் சூட்டும் வணிகப் பெயர். குரோசின், கால்பால், டோலோ என்று எதைக் கேட்டு வாங்கினாலும் காய்ச்சலைத் தணிப்பது உள்ளே இருக்கும் பாராசிட்டமால்தான். அட்டையில் முதலில் தேட வேண்டியது ஜெனரிக் பெயரையும் அதற்குப் பக்கத்திலுள்ள மில்லிகிராம் அளவையும். சில அட்டைகளில் 'அம்லோடிபின் பெசிலேட்' என்று இருக்கும். பெசிலேட் என்பது மருந்தோடு சேர்ந்த உப்பின் பெயர். அதை வேறு மருந்து என்று எண்ண வேண்டாம்.

ஜெனரிக் பெயரின் வால் அந்த மருந்தின் குலத்தைச் சொல்லிவிடும் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் ஏற்பாடு. அம்லோடிபின், நிஃபெடிபின் என்று 'டிபின்' என முடிபவை ரத்தக்குழாய்ச் சுவருக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்துக் குழாயைத் தளர்த்துகின்றன. டெல்மிசார்டான், லோசார்டான் போன்ற 'சார்டான்'கள் குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கின்றன. எனலாப்ரில் போன்ற 'ப்ரில்'கள் அந்தப் பொருள் உருவாவதையே குறைக்கின்றன. அட்டினோலால், மெட்டோப்ரோலால் என 'லால்' என்று முடிபவை இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைப்பவை. ஒரே வாலுடைய இரண்டு மருந்துகள் ஒருவருடைய சீட்டில் இருந்தால், எதற்காக என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். வால் மட்டுமே போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. அட்டோர்வாஸ்டாட்டின் கொழுப்பைக் குறைக்கும் மருந்து, நிஸ்டாட்டினோ பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து.

வணிகப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்துகள்தான் கூடுதல் கவனத்துக்குரியவை. ரத்த அழுத்த மாத்திரைகளில் 'ஏ.எம்.' என்பது பெரும்பாலும் அம்லோடிபினையும், 'ஹெச்' என்பது ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் வெளியேற்றும் மருந்தையும் குறிக்கும். உங்கள் வீட்டில் நடந்தது 'ஏ.எம்.' என்ற அந்த இரண்டு எழுத்துகளை யாரும் வாசிக்காததன் விளைவே.

வெறும் ஜெனரிக் பெயர் மட்டும் அச்சிட்ட இலவச மாத்திரைக்கு வீரியம் குறைவு என்று ராயபுரத்திலும் காசிமேட்டிலும் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை ஜெனரிக் பெயரிலேயே மொத்தமாக வாங்குகிறது. ஆய்வகச் சோதனைக்குப் பிறகே அவற்றை மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. 'ஐ.பி.' என்ற எழுத்துகள் இந்திய மருந்தியல் நூலின் தர வரையறையைக் குறிப்பவை. ஆனால் வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், தைராய்டுக்கான லெவோதைராக்சின் ஆகிய மூன்றில் எதைச் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு நிறுவனத்தின் மாத்திரையிலிருந்து இன்னொன்றுக்கு மாறக் கூடாது; இவற்றில் அளவு சற்றே ஏறினாலும் இறங்கினாலும் உடல் தாங்காது.

சர்க்கரை மாத்திரைக்கும் விடை அதன் பெயரிலேயே இருக்கிறது. அட்டையில் 'மெட்ஃபார்மின் 500 மி.கி. எஸ்.ஆர்.' என்றிருப்பதைப் பார்த்தேன். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர். என்று முடிபவை மருந்தைப் பல மணி நேரத்துக்குச் சிறிது சிறிதாக வெளிவிடும்படி செய்யப்பட்டவை. அதைப் பொடித்தால் அந்த அமைப்பு சிதைந்து முழு அளவும் ஒரே நேரத்தில் குடலுக்குள் இறங்கிவிடும், ஆகவே பொடிக்காதீர்கள். எஸ்.ஆர். அல்லாத சாதாரண மெட்ஃபார்மினாக மாற்றித் தர முடியுமா என்று, நாளை செல்லும்போதே மருத்துவரிடம் கேளுங்கள். அப்படி மாற்றினால் ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்பதும் மாறக்கூடும் என்பதால், வேளையைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.