பழைய ஜீப்புக்குப் புது கிரவுன் பினியன்: மைலேஜ் கூடுமா?

கேள்வி: என்னிடம் 1992 மாடல் மஹிந்திரா டீசல் ஜீப் இருக்கிறது. 4 கியர் வண்டி. டாப் கியரிலும் 60-ஐத் தாண்டினால் என்ஜின் கதறுகிறது. ஆக்ஸில் விகிதம் 5.38 என்கிறார் மெக்கானிக். கிரவுன் பினியனை மாற்றினால் மைலேஜ் கூடுமா?
– வாசகர், திண்டிவனம்

பதில்: கூடும். எவ்வளவு என்பது நீங்கள் ஓடும் சாலையைப் பொறுத்தது.

ஆக்ஸிலுக்குள் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடிதான் கிரவுன் பினியன்: சிறியது பினியன், பெரியது கிரவுன் வீல். பினியனில் 8 பல், கிரவுன் வீலில் 43 பல் இருந்தால் ஆக்ஸில் விகிதம் 5.38. கியர் பெட்டிப் பக்கமிருந்து ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 5.38 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். போர்க்கால வில்லிஸ் எம்பி ஜீப்பில் இருந்தது 39-க்கு 8, அதாவது 4.88. போர் முடிந்ததும் பண்ணை வேலையை மனதில் வைத்து வந்த சிஜே-2ஏ-வில்தான் அது 5.38 ஆனது. ஏரும் டிரெய்லரும் இழுக்க வேண்டிய வண்டிக்குச் சரியான விகிதம் அது. அதே வண்டியை நான்குவழிச் சாலையில் ஓட்டும்போது அந்த இழுவைக்கான விலையை டீசலில் கொடுக்கிறீர்கள்.

முதலில் மெக்கானிக் சொன்னதைச் சரிபாருங்கள். 30 வருட வண்டியில் யார் எதை மாற்றியிருப்பார்கள் என்று தெரியாது. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றி, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று போகிறது என்று எண்ணுங்கள். அதுதான் உங்கள் விகிதம். ஒரு பக்கச் சக்கரம் தரையில் நிற்பதால், இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் டிஃபரன்ஷியல் கணக்கைப் பாதியாக்கிவிடும்; அதனால்தான் இரண்டு சுற்று.

அடுத்து டயரை அளந்து பாருங்கள். காற்றைச் சரியாக அடித்து, டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று தள்ளி மறுபடி கோடு போடுங்கள். 6.00-16 டயரில் சுமார் 2.25 மீட்டர் வரும். அந்தக் கணக்கில் டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு என்ஜின் ஆர்பிஎம் 5.38-ல் ஏறத்தாழ 2,390, 4.88-ல் 2,170, 4.27-ல் 1,900, 3.73-ல் 1,660.

சுழற்சி குறைந்தால் பிஸ்டன் ரிங், பேரிங், ஆயில் பம்ப், ஃபேன் எல்லாம் தின்னும் சக்தி குறையும். மிச்சம் அங்கேதான். காற்றைக் கிழிக்கவும் டயர் உருளவும் வேண்டிய சக்தியோ அப்படியே இருக்கும். அதனால் ஆர்பிஎம் 20 சதவீதம் குறைந்தால் டீசலும் 20 சதவீதம் குறையும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். விகிதத்தை அளவுக்கு மீறி இறக்கினால் என்ஜின் திணறும், கரும்புகை தள்ளும். நீங்கள் மூன்றாவது கியருக்கு இறங்குவீர்கள். மிச்சமெல்லாம் அங்கே போய்விடும். சமவெளியில் பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓட்டம் என்றால் 4.27 சரி. டர்போ இல்லாத பழைய டீசல் என்ஜினுக்கு 3.73 வேண்டாம்.

கேள்வி: என் ஜீப் 4x4. பின் ஆக்ஸிலை மட்டும் இப்போது மாற்றிவிட்டு, முன் ஆக்ஸிலை அடுத்த வருடம் பார்க்கலாமா? குமுளி மலைப்பாதையில் அடிக்கடி ஏறுவேன்.
– வாசகர், கம்பம்

பதில்: அந்த ஒரு வருடமும் 4x4 லீவரைத் தொடாமல் இருக்க முடியும் என்றால் மட்டும். பின்னால் 4.27, முன்னால் 5.38 என்று வைத்து 4x4 போட்டால், முன்சக்கரம் 100 மீட்டர் போகும் நேரத்தில் பின்சக்கரம் 126 மீட்டர் போகப் பார்க்கும். சேற்றில் டயர் வழுக்கித் தப்பிக்கும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாமல் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டான யுனிவர்சல் ஜாயின்டோ, முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பல்லோ உடையும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுவதே நல்லது.

ஆனால் மலையில் அடிக்கடி ஏறுகிறவருக்கு 4.27-ஐச் சொல்ல மாட்டோம். எல்லா கியரிலும் இழுவை 20 சதவீதம் குறையும். கொண்டை ஊசி வளைவில் அரை கிளட்சில் நிற்பீர்கள். அதிகபட்சம் 4.88.

கேள்வி: என்னென்ன வாங்க வேண்டும்? மாற்றிய வண்டிகள் பலவும் ஊளையிடுகின்றனவே, ஏன்?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் கிரவுன் பினியன் செட், பினியன் பேரிங் இரண்டு, சைடு பேரிங் இரண்டு, பினியன் ஆயில் சீல், பினியன் நட், கிரவுன் போல்ட்டுகள், பல தடிமனில் சிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்), கேஸ்கெட், போல்ட்டில் தடவும் லாக் பசை. பழைய பேரிங்கை மறுபடி போடாதீர்கள். கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பதமாக்கப்பட்டவை. இரண்டிலும் பொறித்திருக்கும் ஜோடி எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஒரு வண்டியின் கிரவுன், இன்னொன்றின் பினியன் என்று சேர்த்தால் சத்தம் நிச்சயம்.

பின் ஆக்ஸில் டேனா 44 வகை என்றால் 5.38-லிருந்து 4.88, 4.27 இரண்டுக்கும் பழைய கேரியரே (கிரவுன் வீலைத் தாங்கும் கூடு) போதும். 3.73-க்கு கேரியரையும் மாற்ற வேண்டும்.

ஊளைக்குக் காரணம் பெரும்பாலும் பினியன் ஆழம், அதாவது பினியன் கிரவுன் வீலை நோக்கி எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பது. பழைய பினியனுக்கு இருந்த சிம்மை அப்படியே புதியதற்குப் போட்டு மூடிவிடுகிறார்கள். கிரவுன் வீலில் நான்கைந்து பற்களுக்குப் புளூ (பல் தொடும் இடத்தைக் காட்டும் நீலப் பசை) பூசி, அந்த வீலைக் கட்டையால் லேசாகத் தடுத்துக்கொண்டே பினியனை இரு பக்கமும் சுற்றுங்கள். புளூ அழிந்த இடம் பல்லின் நடு உயரத்தில், நீள்வட்டமாகத் தெரிய வேண்டும். பல்லின் அடிப்பள்ளத்தில் விழுந்தால் பினியன் அளவுக்கு மீறி உள்ளே இருக்கிறது. உள் பேரிங் கப்புக்குப் பின்னால் இருக்கும் சிம்மைக் குறைக்க வேண்டும். பல் நுனியில் விழுந்தால் கூட்ட வேண்டும். நான்கைந்து முறை கழற்றி மாட்டாமல் இது அமைவது அபூர்வம். ஒரே நாளில் இரண்டு ஆக்ஸிலையும் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

பல் இடைவெளியை டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். 0.15 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். மூன்று நான்கு இடத்தில் அளந்தாலும் பெரிய வித்தியாசம் வரக்கூடாது. புது பினியன் பேரிங்கின் சுழற்சி இறுக்கம் (பினியனைச் சுற்றத் தேவையான முறுக்குவிசை), சீல் போடுவதற்கு முன் 2.3 முதல் 4.5 நியூட்டன் மீட்டர். சைடு பேரிங் கேப்புகளைக் கழற்றும் முன் இடது, வலது என்று பஞ்ச் உளியால் தட்டிக் குறியிடுங்கள். மாறிப் போனால் பேரிங் கோணலாக உட்காரும்.

ஆயில் ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90. முதல் ஓட்டத்தில் 25 கிலோமீட்டர் மெதுவாகப் போய், அரை மணி நேரம் ஆறவிட்டு, இதையே இரண்டு மூன்று முறை செய்யுங்கள். 800 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றுங்கள். அதுவரை டிரெய்லர் வேண்டாம்.

கேள்வி: 5.38-ஐ 4.27 ஆக மாற்றினேன். முன்பு லிட்டருக்கு 9.5 கிடைத்தது, இப்போது 8.2! ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், காரைக்குடி

பதில்: இல்லை. ஜீப்பின் மீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருகிறது. அது ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் சுற்றைத்தான் எண்ணும். இப்போது 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 79தான் ஏறும். 8.2-ஐ 1.26-ஆல் பெருக்குங்கள்: 10.3. உங்களுக்கு மைலேஜ் கூடியிருக்கிறது. முள் 63-ல் நிற்கும்போது வண்டி 80-ல் போகிறது, இது ஆபத்து. மீட்டர் டிரைவின் சிறிய பல்சக்கரத்தை மாற்றுங்கள். அதுவரை செல்போன் ஜிபிஎஸ் பார்த்து ஓட்டுங்கள்.

கேள்வி: போட்ட பணம் எப்போது திரும்பும்?
– வாசகர், அரியலூர்

பதில்: மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடி, மைலேஜ் 10-லிருந்து 11 ஆனால் மிச்சம் 9.1 லிட்டர். டீசல் 92 ரூபாய் என்றால் சுமார் 837 ரூபாய். மொத்தச் செலவு 40,000 ஆனால் திரும்ப 4 வருடம். பணத்துக்காக மட்டும் என்றால் முதலில் நான்கு சக்கரத்தையும் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் அதைச் சரிசெய்ய அதிகம் செலவாகாது.

இன்னொரு வழியும் உண்டு. ஐந்தாவது கியர் 0.8 அளவில் இருக்கும் 5 கியர் பெட்டி பொருந்தினால் 5.38 x 0.8 = 4.3. ஆக்ஸிலைத் திறக்காமலேயே 4.27-ன் பலன், முதல் கியர் இழுவையும் பெரிதாகக் குறையாது. மவுன்டிங்கும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளமும் மாறும் என்பதால், இரண்டு வேலைக்கும் தனித்தனியாக எழுத்தில் மதிப்பீடு வாங்கி வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.