ஒரு ஃபிரிட்ஜும் பிரதிநிதித்துவமும்

அன்புள்ள ஐயா,

ஃபரா நபுல்சி இயக்கிய ‘தி பிரசன்ட்’ குறும்படத்தை நீங்கள் சொல்லித்தான் பார்த்தேன். நெகிழ்ந்தேன். ஆனால் பாலஸ்தீனர் என்றால் இஸ்லாமியர் மட்டும்தானா? கிறிஸ்தவர்கள் எங்கே? மனைவி வீட்டோடு நின்றுவிடுகிறாள். இஸ்ரேல் ராணுவத்தில் ஒரு நல்லவன்கூட இல்லை. பன்மையும் பிரதிநிதித்துவமும் இல்லாத படத்தை முழுமையான கலை எனலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நல்ல ராணுவவீரனை விட்டுவிடுவோம். சுமார் 25 நிமிடப் படம் அது. எல்லோருக்கும் இலை போடக் கல்யாணப் பந்தி இல்லை.

படத்தின் நாயகன் யூசுஃப் இஸ்லாமியர் என்று எப்படி முடிவுகட்டினீர்கள்? பெயரை வைத்துத்தானே? யோசேப்புதான் அரபியில் யூசுஃப். அங்கே கிறிஸ்தவர்களும் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்கிறார்கள். பெத்லகேமில் அந்தப் பெயருக்குப் பஞ்சமா என்ன? படத்தில் பன்மை இல்லை என்று புகார் சொல்லும் நீங்கள்தான் ஒரு பெயருக்கு ஒரு மதத்தை ஒட்டிவிட்டீர்கள். கோபப்படாதீர்கள், நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தேன்.

ஷார்ஜாவில் நான் கணக்கெழுதிய கம்பெனியில் என் மேலாளர் பெய்த் சஹூர்காரர். பெத்லகேமை ஒட்டிய ஊர், கிறிஸ்தவர்களே அதிகம். இரண்டு வருடம் அவரை இஸ்லாமியர் என்றே நினைத்து, ரமலானில் அவர் முன்னால் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒளிந்துகொண்டிருந்தேன். ஒருநாள் பாட்டிலை என் கையில் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தார்.

படத்தில் அப்பாவும் மகளும் திருமண நாளுக்காக ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிவருகிறார்கள். அது சோதனைச்சாவடியின் சுழல்கதவில் நுழையாது. பக்கத்திலேயே சாலை காலியாகக் கிடக்கும், அதில் தள்ளிக்கொண்டு போக விடமாட்டார்கள். அந்தக் காட்சியில் எனக்கு என் மேலாளர் வீட்டு ஃபிரிட்ஜ்தான் ஞாபகம் வந்தது.

1989இல், முதல் இன்டிஃபாதா என்ற பாலஸ்தீன மக்கள் எழுச்சி நடந்துகொண்டிருந்தபோது, பெய்த் சஹூர் மக்கள் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பு நிர்வாகத்துக்கு வரி கட்ட மறுத்தார்கள். அவர்கள் சொன்னது என்ன தெரியுமா? பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் அதே சொல். நீங்களும் நானும் அதைச் சினிமா விமர்சனத்தில் தூவுகிறோம். அவர்கள் அதற்காக வீட்டுச் சாமான்களை இழந்தார்கள். ராணுவம் ஊரை ஆறு வாரம்போல அடைத்துப்போட்டு, வீடு வீடாகவும் பட்டறை பட்டறையாகவும் ஏறி, மேஜை, டிவி, இயந்திரம், ஃபிரிட்ஜ் என்று லாரியில் ஏற்றியது. சரி, இதற்கெல்லாம் படத்தில் ஒரு வசனம் வைத்திருந்தால் உங்களுக்குத் திருப்தியாக இருந்திருக்குமா? ஒரு ஃபிரிட்ஜைத் தள்ளிக்கொண்டு போவதைக் காட்டினாலே போதும், அந்த ஊர்க்காரனுக்குப் புரியும்.

மேலாளருக்கு அப்போது பன்னிரண்டு வயது. ராணுவத்தினர் ஃபிரிட்ஜைத் தூக்க வந்ததும் அம்மா, “ஒரு நிமிஷம்” என்று சொல்லி, தயிரையும் ஆலிவ் ஜாடியையும் நிதானமாக எடுத்து மேஜையில் வைத்தாளாம். அடுத்து அந்த மேஜையையும் தூக்கினார்கள்.

ஃபிரிட்ஜ் திரும்பக் கிடைத்ததா என்று கேட்டேன். ஏலத்தில் போய்விட்டது என்றார். ஐஸ் தட்டை மட்டும் அம்மா முந்தானைக்குள் மறைத்து வைத்துக்கொண்டாளாம்.

முந்தானை என்பது என் சொல். அவர் என்ன சொன்னார் என்பது மறந்துவிட்டது.

மனைவியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், இல்லையா? அது நியாயமான கேள்வி. இன்னொரு நாள்.