பிறந்தநாள் நடத்திய பெண்ணும் கணக்குத் தேர்வும்

அன்புள்ள ஐயா,

வீட்டு விசேஷத்தைப் பிள்ளைகளே திட்டமிட்டால் யோசிக்கும் திறன் வளரும், அது படிப்புக்கும் கைகொடுக்கும் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். எட்டாவது படிக்கும் என் மகளிடம் 5,000 ரூபாய் கொடுத்து, அவள் பிறந்தநாளை அவளையே நடத்தச் சொன்னேன். 25 பேர், மொட்டை மாடியில். நவம்பர் மாதமாயிற்றே, மழை வந்தால் என்ன செய்வது என்று அவளே யோசித்துக் கீழே கூடத்தையும் ஒழித்து வைத்தாள். மழை வந்தது. விழா நன்றாக நடந்தது, 300 ரூபாய் மிச்சம் வேறு. ஆனால் அடுத்த வாரக் கணக்குத் தேர்வில் வழக்கம்போலக் கடைசி இரண்டு கணக்குகளுக்கு நேரமில்லாமல் வந்து நிற்கிறாள். வளர்ந்த திறன் எங்கே போயிற்று?

ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

அது இன்னும் உங்கள் வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. தேர்வு அறைக்கு வா என்று யாரும் அதைக் கூப்பிடவில்லை. முன்பு எழுதியபோது இந்தப் பாதியை நான் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது.

மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1980இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். முதலில் ஒரு கதை: கோட்டைக்குப் போகும் பாதைகளில் எல்லாம் கண்ணிவெடி. பெரும்படை போனால் வெடிக்கும், சிறு குழு போனால் வெடிக்காது. தளபதி படையைப் பிரித்துப் பல பாதைகளில் அனுப்பி, கோட்டையடியில் ஒன்று சேர்க்கிறான். பிறகு ஒரு கேள்வி: வயிற்றுக் கட்டியைக் கதிரால் அழிக்க வேண்டும், ஆனால் வலுவான கதிர் வழியிலுள்ள நல்ல சதையையும் அழித்துவிடும். என்ன செய்யலாம்? பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை அனுப்பிக் கட்டியில் சேர்ப்பதுதான் விடை. கதையைச் சற்றுமுன் படித்தவர்களிலேயே பத்தில் மூன்று பேருக்குத்தான் அது தானாகத் தோன்றியது. ‘அந்தக் கதை உதவும்’ என்று ஒரு வார்த்தை சொன்னதும் முக்கால்வாசிப் பேர் சொல்லிவிட்டார்கள். வளர்ந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால் எட்டாம் வகுப்புப் பெண்ணைக் குறை சொல்லி என்ன?

என் கதையும் அப்படித்தான். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு 60 பத்திரிகை கொடுத்தேன், கொஞ்சம் தாராளமாகவே 100 இலைக்குச் சொன்னேன். பத்திரிகையை எண்ணினேனே தவிரத் தலையை எண்ணவில்லை. மூன்றாவது பந்தியில் சமையல் மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, “ரசத்தை நான் நீட்டிக்குவேன் சார், வடையை நீட்ட முடியாது, ஆளனுப்புங்க” என்றார். இதே ஆள்தான், அதாவது நான், பள்ளியில் சென்டிமீட்டரையும் மீட்டரையும் கூட்டிப் போட்டு மார்க்கைக் கோட்டை விட்டவன். எதை எண்ணுகிறோம் என்று பார்க்காத அதே தப்பு. இரண்டும் ஒன்று என்று எனக்கு உறைக்க நாற்பது வயது ஆனது.

அதனால் மகளிடம் கேளுங்கள். அறிவுரை மாதிரி வேண்டாம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டே கேட்டால் போதும். ‘அன்றைக்கு எந்த வேலையை முதலில் முடித்தாய்?’ கேக்குக்கு முந்தின நாளே சொல்ல வேண்டும் என்று அதை முதலில் முடித்திருப்பாள்; பலூன் கடைசியில் ஊதியிருப்பாள். ‘சரி, வினாத்தாளில் கேக் எது, பலூன் எது?’ இந்த ஒரு கேள்விக்கு மேல் நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. விடையையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் யோசித்தது நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

ஒன்று, பிறந்தநாள் நடத்தினால் அல்ஜீப்ரா வந்துவிடாது. அதை உட்கார்ந்து போட்டுத்தான் பழக வேண்டும். போடத் தெரிந்தும் நேரம் போதாமல் விடுகிறாளே, அந்த இரண்டு கணக்கைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அப்புறம், அந்த 300 ரூபாய் எப்படி மிஞ்சியது என்று கேட்டீர்களா? எதையோ வேண்டாம் என்று விட்டிருக்கிறாள். எதை, ஏன் என்று அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.