சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு தேனீக்களைக் காப்பாற்ற நம்மால் என்ன செய்ய முடியும்?

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டத்தில் தீவெங்கும் முளைத்தவற்றில் ஒன்று. அதன் மூலையில் பட்டுப்போன மரக்கட்டை ஒன்று கிடந்தது. அசிங்கமாக இருக்கிறதே என்று தீபாவளிக்கு முன்னால் நான்தான் தூக்கிப் போட்டேன். அதில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருந்தன. ஏதோ பூச்சி அரித்தது என்று நினைத்தேன்.

அப்புறம் கத்தரி பூத்தது, ஆனால் பூவெல்லாம் கொட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்துப் பாத்தி அக்காதான் கேட்டார்: "தம்பி, கருவண்டு இப்போ வர்றதே இல்லையே, கவனிச்சீங்களா?"

அந்த ஓட்டைகள்தான் அதன் வீடு. நாம் வண்டு என்று சொன்னாலும் அது தேனீ இனம். கத்தரிப் பூவின் மகரந்தம் உப்பு டப்பாவில் இருப்பது போல நுனித் துளை வழியாகத்தான் வெளியே வரும். கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பையே அதிரவைத்து உதிர்க்கும். தேன்கூடு கட்டும் சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கருவண்டுக்குப் பதிலாகப் பூவை அதிரவைக்க, அந்தப் பருவம் முழுக்க நான் பழைய எலக்ட்ரிக் டூத்பிரஷ்ஷைப் பூக்காம்பில் வைத்துக்கொண்டு நின்றேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

சிங்கப்பூரில் 100க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. பெரும்பாலானவை தனித்தனியாக மண்ணிலும் மரப்பொந்திலும் வாழ்பவை. தேன்கூடு வைத்தால் போதும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம். நாம் எதையும் விட்டுவைக்காமல் கூட்டிப் பெருக்குவதுதான் அவற்றுக்குப் பெரிய தொல்லை.

வீட்டளவில் என்றால், தாழ்வாரத்தில் நடக்க வழி விட்டு ஒரு துளசித் தொட்டி வையுங்கள், பூவைக் கிள்ளாதீர்கள். நீலப் பட்டை போட்ட குட்டித் தேனீ வரும். பூத்திருக்கும் செடிக்குப் பகலில் மருந்து அடிக்காதீர்கள், வேப்பெண்ணெய் என்றாலும் பொழுது சாய்ந்த பிறகு. தூணில் தேனீக் கூட்டம் கொத்தாகத் தொங்கினால் உடனே ஸ்பிரேயைத் தேடாதீர்கள். பல நேரம் இளைப்பாறிவிட்டு ஓரிரு நாளில் தானே போய்விடும். போகாவிட்டால், கொல்லாமல் இடம் மாற்றித் தருபவர்களும் இங்கே இருக்கிறார்கள்.

இந்த வருடம் தோட்டத்தில் பட்ட கிளை ஒன்றைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறோம். போன வாரம் அதன் கீழே புது மரத்தூள் சிந்திக் கிடந்தது. அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.