நெதர்லாந்து பாஸ்போர்ட்டில் மாலத்தீவு போக முன்கூட்டியே விசா எடுக்க வேண்டுமா?

வேண்டாம். நெதர்லாந்துக்காரர்கள் மட்டுமல்ல, கிட்டத்தட்ட எல்லா நாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கும் மாலத்தீவில் இறங்கியதும் 30 நாள் விசா இலவசம் (இஸ்ரேல் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் 2025 ஏப்ரலிலிருந்து தடை). ஆனால் கையை வீசிக்கொண்டு போய் இறங்கிவிட முடியாது: திரும்பி வரும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, செலவுக்குப் பணம், இவை இருக்கிறதா என்று கேட்பார்கள். ஐரோப்பாவுக்குள் அடையாள அட்டையை மட்டும் வைத்துக்கொண்டே சுற்றிப் பழகியவர்கள் கவனியுங்கள், இங்கே பாஸ்போர்ட் கட்டாயம், அதில் இன்னும் ஆறு மாதம் மிச்சம் இருந்தால் நிம்மதி.

பலர் கோட்டை விடுவது 'இமூகா' எனப்படும், மாலத்தீவு அரசின் பயணி விவரப் படிவத்தில்தான். விமானம் கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்பி, அது தரும் கியூஆர் குறியீட்டை போனில் சேமித்துக்கொள்ள வேண்டும், ஊர் திரும்பும்போதும் இதே வேலை உண்டு. இது முழுக்க இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அரசுத் தளம் இல்லை, உடனே மூடிவிடுங்கள்.

அப்புறம் பெட்டி. துபாயிலோ டோஹாவிலோ விமானம் மாறும்போது டியூட்டி ஃப்ரீயில் ஒரு பாட்டில் ஒயின் வாங்கிவிடாதீர்கள், மாலே சுங்கத்தில் ஸ்கேனரில் பையைப் பார்த்ததுமே எடுத்து வைத்துவிடுவார்கள். பன்றி இறைச்சிக்கும் தடை. வேப் கருவி (மின் சிகரெட்) கொண்டுபோக 2024 நவம்பரிலிருந்து அனுமதி இல்லை. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து வருபவர்கள் மட்டும் தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும், ஆம்ஸ்டர்டாமிலிருந்து நேராக வருபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

30 நாள் போதாதென்றால் அங்கேயே விண்ணப்பித்து மொத்தம் 90 நாள் வரை நீட்டிக்கலாம்.