சரக்கு ரயில் பகலெல்லாம் நின்றுவிட்டு நள்ளிரவில் ஏன் முன்னும் பின்னும் இழுபடுகிறது?

கேள்வி இதுதான்: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் பாதையோரம் வீடு. சிமெண்ட் வண்டி ஒன்று பகல் முழுக்க அசையாமல் நிற்கிறது. ராத்திரி ஒரு மணிக்கு இன்ஜின் வந்து டமடமவென்று இழுக்கிறது, தள்ளுகிறது, மறுபடி நிறுத்திவிட்டுப் போகிறது. இதைப் பகலிலேயே செய்யக் கூடாதா?

பகலில் அந்த வண்டி சும்மா நிற்பதில்லை, காலியாகிக்கொண்டிருக்கிறது. சிமெண்ட் இப்போது பெரும்பாலும் பி.சி.என்.எச்.எல். என்ற மூடிய வேகனில் வருகிறது. ஒரு முழு ரேக் (ஒன்றாகக் கோத்த வேகன் தொடர்) என்றால் 58 வேகன். ஒரு வேகனில் 65 டன் என்று வைத்தாலே 50 கிலோ மூட்டை 1,300 ஆகிறது. ரேக் முழுவதும் 75,000 மூட்டைக்கு மேல். இத்தனையையும் ஹமாலிகள்தான் தலையிலும் முதுகிலும் சுமந்து இறக்குகிறார்கள். லாரிக்கு 20 டன் என்றால் கிட்டத்தட்ட 190 நடை. பெங்களூரில் காலையும் மாலையும் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, அதனால் லாரிகள் நாள் முழுக்க சீராக வராது. வந்தால் கும்பலாக வரும், இல்லையென்றால் ஒன்றுகூட இருக்காது. யார்டு தாமதத்துக்கு எல்லாரும் இன்ஜினைக் குறை சொல்வார்கள். என் கணக்கில் பாதிக்கு மேல் லாரிதான் காரணம்.

லாரி வராவிட்டால் சரக்கு எடுப்பவருக்கு இரண்டு வழி. மூட்டையை வேகனிலேயே விட்டால், இலவச நேரம் முடிந்ததும் டெமரேஜ் (வேகனைத் தாமதமாக விடுவிப்பதற்கான கட்டணம்) ஓடத் தொடங்கும். வேகனுக்கு மணிக்கு இவ்வளவு என்று கணக்கு, கால் மணி நேரம் தாண்டினாலும் ஒரு மணியாகத்தான் எழுதுவார்கள். பிளாட்பாரத்தில் இறக்கி அடுக்கினால் வேகன் விடுபடும், ஆனால் இடத்துக்கு வார்ஃபேஜ் என்ற கட்டணம் ஏறும். மழைக்காலத்தில் தார்ப்பாய் சரியில்லை என்றால் கீழ்வரிசை மூட்டை கல்லாகிவிடும். 58 வேகனின் டெமரேஜைப் பார்த்துப் பயந்து பெரும்பாலோர் இறக்கிவிடுவதையே தேர்ந்தெடுப்பார்கள்.

இப்போது இரவுச் சத்தத்துக்கு வருவோம். ஒரு வேகன் ஏறக்குறைய 11 மீட்டர் நீளம். 58 வேகன், இன்ஜின், பிரேக் வேன் (கார்டு இருக்கும் வால் பெட்டி) எல்லாம் சேர்ந்தால் 670 மீட்டரைத் தாண்டும். ஸ்டேஷனில் மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி சேரும் லூப் லைனின் வழக்கமான நீளமே 686 மீட்டர்தான். சரக்கு இறக்கும் லைன் அதில் பாதி நீளம் என்றால், ரேக்கை இரண்டாக வெட்டித்தான் வைக்க வேண்டும். முதல் பாதி காலியானதும் அதை வெளியே இழுத்து வேறு லைனில் விட்டு, காத்திருந்த மறுபாதியை உள்ளே தள்ளி, எல்லாம் முடிந்ததும் இரண்டையும் ஒட்டவைக்க வேண்டும். நீங்கள் கேட்கும் 'முன்னும் பின்னும்' இதுதான். குட்ஸ் லைன்களில் பல இடங்களில் மேலே மின்கம்பி இருக்காது. அப்படியானால் டீசல் ஷண்டிங் இன்ஜின் (வேகன்களை இப்படி இழுத்து, தள்ளி மாற்றுவதுதான் ஷண்டிங்) வந்து சேரும்வரை அதற்கும் காத்திருப்பு.

வெட்டி ஒட்டும்போது மெயின் லைனை மறிக்க நேர்ந்தால் பகலில் இடம் கிடைப்பது கஷ்டம். ஜோலார்பேட்டை பாதையில் பிருந்தாவன், லால்பாக், பங்காருபேட்டை மெமு என்று ஒன்று மாற்றி ஒன்று போய்க்கொண்டிருக்கும். ஷண்டிங் வேகமோ மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. அடுத்த ஸ்டேஷனான தேவனகொந்திக்கு வருவதுபோன்ற பெட்ரோல் டேங்கர் என்றால் 8 கிலோமீட்டர்தான். ரயில்களுக்கு வழி ஒதுக்கும் கண்ட்ரோலர் ராத்திரியில் வழிவிடுவதற்கு இதுதான் காரணம்.

அந்த 'டமடம' ஒரே இடத்திலிருந்து வருவதில்லை, கவனித்துப் பாருங்கள். வேகனை வேகனோடு கோக்கும் ஒவ்வொரு கப்ளிங்கிலும் கொஞ்சம் தளர்வு உண்டு. இன்ஜின் இழுத்ததும் முதல் கப்ளிங் விறைக்கும், அப்புறம் அடுத்தது, இப்படியே சத்தம் வால்வரை ஓடும். கடைசி வேகன் அதுவரை அசையாமல் நின்று, திடீரென்று வெடுக்கென்று கிளம்பும். நிற்கிற வண்டிதானே என்று அடியில் புகுந்து கடப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான்.

கூடவே கேட்கும் நீளமான 'உஸ்ஸ்' சத்தம் பிரேக் காற்று. ஒட்டியபின் காற்று போகும் ஹோஸ் பைப்பை இணைத்து, இருபக்கமும் ஆங்கிள் காக்கை (காற்றுக் குழாயின் திருகு அடைப்பை) திறந்து, இன்ஜின் முனையில் 5 கிலோ அழுத்தம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். நெடுநேரம் நின்ற ரேக்கில் காற்று கசிந்து போயிருக்கும், அரை மணிகூட ஆகலாம். பிறகு வால் முனையிலிருந்து கார்டு (2022 முதல் 'ட்ரெயின் மேனேஜர்') காற்றைத் திறந்துவிட்டு, இன்ஜினில் அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். நடுவில் ஒரு ஆங்கிள் காக் மூடியே கிடந்தால், அதற்குப் பின்னால் உள்ள வேகன் எதற்கும் இன்ஜினிலிருந்து பிரேக் பிடிக்காது. யார்டில் நடக்கும் தவறுகளில் எனக்கு மிகவும் பயமூட்டுவது இது.

அதற்கு அடுத்தது கை பிரேக். பிரேக் சிலிண்டரில் பிடித்திருக்கும் காற்று மெல்லக் கசிந்து இறங்கினால் பிரேக்கும் விட்டுவிடும் என்பதால், நிறுத்திவைக்கும் வண்டிக்கு இரு முனை வேகன்களிலும் கை பிரேக்கை இறுக்கி, சக்கரத்தடியில் கட்டை வைத்து, சங்கிலி போடுவார்கள். ரோலர் பேரிங் சக்கரம் கண்ணுக்குத் தெரியாத சரிவிலும் உருளும். கிளம்பும்போது ஒரு பிரேக்கைத் தளர்த்த மறந்தாலும் சக்கரம் சுழலாமல் தண்டவாளத்தில் தேயும். பழைய வேகன்களில் 'காலி–லோடு' கைப்பிடி உண்டு. சரக்கு இறங்கியபின் அதை 'காலி'க்கு மாற்றாவிட்டாலும் பிரேக் அளவுக்கு மீறிப் பிடித்து இதே கதி. தேய்ந்த இடம் தட்டையாகி, ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக், டக்' என்று தட்டும். அந்தத் தட்டை 60 மில்லிமீட்டரைத் தாண்டினால் வேகனைக் கழற்ற வேண்டும். ஓடும் சக்கரத்தில் புகையோ, திறந்து தொங்கும் கதவோ கண்ணில் பட்டால் உடனே ஸ்டேஷனுக்கோ 139க்கோ சொல்லுங்கள்.

இன்றைக்கு இத்தோடு முடிந்ததா என்று தெரிய, வண்டி நகரும்போது வாலைப் பாருங்கள். பிரேக் வேனில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் பெரும்பாலும் ஊரை விட்டே போகிறது. விளக்கே இல்லாத வால் என்றால் பாதி ரேக்தான், திரும்பி வரும்.